அள்ளியும் தீராத சாவு: கனடாவின் உவர் ஏரிகளில் வாத்துப் பிணங்களை அகற்றும் பணி ஏன் நின்றது?

வட அமெரிக்கப் புல்வெளியில் பல பத்தாண்டுகள் கேள்வியே கேட்காமல் பின்பற்றிய ஒரு வழக்கம் உண்டு. ஏரியில் வாத்துகள் கூட்டமாகச் செத்தால் ஆட்களை அனுப்பிப் பிணங்களை அள்ளிப் புதைப்பார்கள். 1990களின் பெரும் சாவுக்குப் பிறகு கனடாவில் இந்த வழக்கத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். பலன் கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்கள். அந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகப் பதிவு செய்கிறேன். கனடாவில் களத்தில் இறங்கியவர்கள், ஆய்வு செய்தவர்கள் ஆகியோரின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

ஏரி

சஸ்காச்சுவான் மாகாணத்தின் தெற்கே, மூஸ் ஜா நகரத்துக்குத் தென்மேற்கில் ஓல்ட் வைவ்ஸ் ஏரி இருக்கிறது. எதிரிகளிடமிருந்து தம் கூட்டம் தப்பிப் போவதற்காக, இரவெல்லாம் தீ மூட்டிக்கொண்டு பின்தங்கி உயிர் கொடுத்த கிரீ இன மூதாட்டிகளின் நினைவாக வந்த பெயர் என்பது அந்தப் பகுதியின் வழிவழிக் கதை. வுட் ஆறு இதில் வந்து விழுகிறது. வெளியேறும் வழி கிடையாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 350 மில்லிமீட்டர் மழையும் பனியும் பெறும் வறள் புல்வெளி அது. 1857 முதல் 1860 வரை அங்கே சுற்றிய ஆய்வுப் பயணி ஜான் பாலிசர், இந்தப் பகுதி உழவுக்கு ஏற்றதல்ல என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். இன்றும் அதைப் பாலிசர் முக்கோணம் என்றுதான் சொல்கிறார்கள்.

பனியுகத்தில் பனிப்பாறைகள் நகர்ந்து விட்டுப்போன பள்ளங்களில் நீர் தேங்கி இப்படிப்பட்ட ஏரிகள் உருவாயின. சுற்றியுள்ள மண்ணிலிருந்து சல்பேட் உப்புகள் கரைந்து வரும். கோடையில் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். பக்கத்துச் சாப்ளின் ஏரியில் 1948 முதல் சோடியம் சல்பேட் எடுக்கும் ஆலையே நடக்கிறது. நம் ஊர்க் களர் நிலத்தில் பூக்கும் வெள்ளை உப்பைப் பார்த்தவர்களுக்கு, வற்றிய ஓல்ட் வைவ்ஸின் கரை பழக்கப்பட்ட காட்சியாகவே இருக்கும். பரப்பு மிகப் பெரியது, ஆழமோ மிகக் குறைவு. சில வறண்ட ஆண்டுகள் தொடர்ந்து வந்தால் ஏரி முழுவதும் காய்ந்துவிடும். 1930களிலும், மறுபடி 1988இலும் அப்படித்தான் காய்ந்தது. காற்று அடித்தபோது வெள்ளைப் புழுதி ஊர்களின் மேல் வந்து விழுந்தது.

இத்தனைக்கும் பறவைகளுக்கு இது அருமையான இடம். 1925இலேயே புலம்பெயர் பறவைகள் காப்பிடமாக அறிவித்துவிட்டார்கள். கூழைக்கடாக்கள், கோணமூக்கு உள்ளான்கள், உப்புக்கொத்திகள் எல்லாம் வரும். சாப்ளின், ரீட் ஏரிகளோடு சேர்த்து, கரைப்பறவைகளுக்கான மேற்கு அரைக்கோளக் காப்பிட வலையமைப்பில் 1997இல் இடம் பெற்றது. பெரும் சாவு நிகழ்ந்ததும் அதே 1997இல்தான்.

வாத்துகள் இங்கே வருவதற்குத் தனிக் காரணம் உண்டு, அதைப் புரிந்துகொள்ளாமல் மற்றது புரியாது. இனப்பெருக்கம் முடிந்ததும் வாத்துகள் பறக்கும் இறகுகளை ஒரே நேரத்தில் உதிர்த்துவிடும். புதிதாக முளைக்க மூன்று நான்கு வாரம் ஆகும், அதுவரை பறக்க முடியாது. நரி, கொயோட்டி கிட்டே வராத அகன்ற நீர்ப்பரப்பு அந்த நாட்களில் அவற்றுக்கு வேண்டும். எனவே ஜூலை, ஆகஸ்டில் பெரிய ஆழமற்ற ஏரிகளில் பல்லாயிரக்கணக்கில் கூடுகின்றன. அப்போது நீர் சூடாக இருக்கும், ஈ மொய்க்கும், கரை பின்வாங்கிச் சேறு வெளியே தெரியும். ஏரியில் ஏதாவது கேடு நேர்ந்தால் இந்தப் பறவைகளால் எழுந்து வேறிடம் போக முடியாது.

உப்பின் மேல் விழுந்த பழி

கோடையில் உவர் ஏரிகளில் வாத்துகள் கூட்டமாகச் சாவது வட அமெரிக்க மேற்கில் புதிதல்ல. 1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிரேட் சால்ட் ஏரியை ஒட்டிய சதுப்புகளில் எண்ணிக்கைக்கு அடங்காத சாவு நடந்தது. அமெரிக்க அரசு 1914இல் அலெக்சாண்டர் வெட்மோர் என்ற இளம் பறவையியலாளரை அங்கே அனுப்பியது. பின்னாளில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் அவர். நோயுற்ற வாத்துகளைப் பிடித்து நல்ல தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். பெரும்பாலானவை தேறின. இறந்த பறவைகளைச் சோதித்தார், நீரைச் சோதித்தார். கரையும் உப்புகள்தான் கொல்கின்றன என்ற முடிவுக்கு வந்து 1918இல் வெளியிட்டார்.

அந்த முடிவை அவசரப்பட்டு எடுத்தது என்று சொல்ல மாட்டேன். அன்று கையில் இருந்த சான்றுகளுக்கு அது பொருந்தியது. நல்ல நீர் கொடுத்தால் தேறுகிறது என்றால் கெட்ட நீர்தான் காரணம் என்று நினைப்பது இயல்பு. மாட்டுப் பண்ணையாளர்களுக்கும் அது சொந்த அனுபவத்தோடு ஒத்துப்போனது. சல்பேட் மிகுந்த நீர் மாட்டைக் கொல்லும் என்பது உண்மை. 2017 கோடையில்கூடத் தென்மேற்குச் சஸ்காச்சுவானில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் 200 மாடுகள் அப்படிச் செத்தன.

வாத்துகளின் சாவுக்கான உண்மைக் காரணம் 1930இல்தான் தெரிந்தது. கால்ம்பாக் என்ற ஆய்வாளரும், தனியாக வேறு இருவரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் அதைக் கண்டார்கள். கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா, அதிலும் சி வகை, உண்டாக்கும் நச்சு அது. நோயின் பெயர் போட்டுலிசம். நச்சு நரம்புக்கும் தசைக்கும் இடையிலான தொடர்பை அறுத்துவிடும். முதலில் கால் தளரும், அப்புறம் சிறகு, கடைசியில் கழுத்து. கழுத்தைத் தூக்க முடியாத வாத்து தலை நீரில் தொங்கி மூழ்கிச் சாகும். வெட்மோரின் வாத்துகள் தேறியதற்கும் விளக்கம் கிடைத்தது: குறைவாக நச்சு ஏறிய பறவைக்குத் தானாகக் குடிக்க முடியாத தண்ணீரை யாராவது கொடுத்து, நிழலில் வைத்தால், அது நச்சைக் கடந்து பிழைத்துவிடும்.

கார நீருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது, நேரடியாக அல்ல. நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.5க்கும் 9க்கும் இடையே இருந்து, வெப்பம் 20 டிகிரி செல்சியசைத் தாண்டி, சேற்றில் ஆக்சிஜன் இல்லாமல் இருந்தால் போட்டுலிசத்துக்கான வாய்ப்பு கூடுகிறது என்று அமெரிக்கச் சதுப்புகளில் செய்த ஆய்வுகள் காட்டின. புல்வெளி ஏரி ஒன்று ஆகஸ்டில் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும்.

ஒரு பிணம், ஆயிரம் புழு

இந்த பாக்டீரியாவின் வித்துகள், அதாவது அதன் உறங்கு நிலை வடிவங்கள், சேற்றில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நோய் கண்ட ஏரிகளில் நல்ல நிலையில் இருக்கும் பறவையின் குடலிலும் இருக்கும். அதனால் தீங்கு இல்லை. வித்து முளைத்து நச்சை உண்டாக்க மூன்று வேண்டும்: புரதம், சூடு, காற்றில்லாத இடம். செத்த பறவையின் உடல் இந்த மூன்றையும் ஒருசேரத் தருகிறது. மின்கம்பியில் அடிபட்டோ ஆலங்கட்டி மழையிலோ செத்தாலும் சரி, உள்ளே இருக்கும் வித்து முளைத்துவிடும்.

அடுத்து ஈ முட்டையிடும். கோடையில் நான்கைந்து நாளில் பிணம் முழுதும் புழு. ஒரு வாத்தின் உடலிலிருந்து ஆயிரக்கணக்கில் வரும். புழுவுக்கு நச்சு ஒன்றும் செய்யாது, ஆனால் அதன் உடலில் நச்சு சேர்ந்துகொண்டே போகும். வாத்துக்குப் புழு பிடித்த தீனி. நச்சேறிய புழுக்கள் நான்கைந்தைத் தின்றாலே ஒரு வாத்துக்குச் சாவு நிச்சயம் என்ற அளவில் இருக்கிறது. அந்த வாத்து செத்ததும் அதன் உடலிலும் இதே கதை.

இதைப் படிக்கும் எவருக்கும் உடனே தோன்றும் தீர்வு: புழு வருவதற்குள் பிணத்தை எடுத்துவிடு. கலிபோர்னியாவில் சிறு சதுப்புகளை அடைத்து, உள்ளே வாத்துகளை விட்டுப் பார்த்த சோதனையிலும், பிணம் கிடந்த அடைப்பில் வாத்துகள் சாகும் வாய்ப்பு பல மடங்கு அதிகமாக இருந்தது. வனவிலங்கு நோய்க் கையேடுகள் எல்லாம் பிணம் அகற்றுவதை முதல் நடவடிக்கையாகச் சொல்லின. தர்க்கத்தில் ஓட்டை எதுவும் கிடையாது. ஓட்டை இருந்தது வேறோர் இடத்தில்.

1990களில் கண்டது

1980களின் வறட்சியில் புல்வெளியின் ஏரிகளும் குட்டைகளும் காய்ந்து கிடந்தன. வாத்துகளின் எண்ணிக்கை மிகவும் சரிந்தது. 1990களின் நடுவில் மழையும் பனியும் நன்றாகப் பெய்தன. காய்ந்த ஏரிகளில் வளர்ந்திருந்த செடிகொடிகள் நீரில் மூழ்கின, பூச்சிகள் பெருகின. வாத்துகளுக்குக் கொண்டாட்டம். 1997 வசந்தத்தில் வட அமெரிக்காவின் முக்கிய இனப்பெருக்கப் பகுதிகளில் எடுத்த கணக்கெடுப்பில் 4 கோடிக்கும் மேற்பட்ட வாத்துகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். அந்தக் கணக்கெடுப்பு தொடங்கிய பின் அதுவரை காணாத உயரம் அது.

அதே ஆண்டுகளில்தான் சாவும் வரிசையாக வந்தது. 1995இல் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஏறத்தாழ 1 லட்சம் பறவைகள். அங்கே பக்கோவ்கி ஏரிதான் பெரிதாகப் பேசப்பட்டது. 1996இல் மானிடோபாவில் 1 லட்சத்துக்கும் மேல், அங்கே ஒயிட்வாட்டர் ஏரி. 1997இல் ஓல்ட் வைவ்ஸ். அந்தக் கோடையின் சாவை 10 லட்சம் பறவைகள் அளவுக்கு மதிப்பிட்டார்கள்.

மூன்று ஏரிகளுக்கும் பொதுவான சங்கதி ஒன்று இருக்கிறது: பெரியவை, ஆழமற்றவை, முன்பு காய்ந்து பின்பு நிரம்பியவை. இறகு உதிர்க்க வரும் வாத்துகளுக்கு மிகவும் பிடித்தவையும் இவைதான்.

இறந்தவற்றில் வளர்ந்த பறவைகள் நிறைய என்பது வல்லுநர்களைக் கவலைப்பட வைத்தது. குஞ்சுகள் எப்படியும் பெருமளவில் சாகும், இயற்கை அதற்கேற்ப முட்டைகளைக் கொடுத்திருக்கிறது. இனப்பெருக்கம் முடித்து, மறு ஆண்டும் கூடு கட்டப்போகும் பறவை செத்தால் இழப்பு வேறு வகை. குறிப்பாக ஊசிவால் வாத்து. 1950களின் நடுவில் ஒரு கோடி அளவுக்கு இருந்த இந்த இனம் 1990களில் முப்பது லட்சத்தைச் சுற்றியே இருந்தது. மழை வந்து மற்ற வாத்துகள் மீண்டபோதும் இது மீளவில்லை. போட்டுலிசம் அதற்கு ஒரு காரணமோ என்ற ஐயம் எழுந்தது.

எடுத்த முடிவு

கூட்டாட்சி வனவிலங்குத் துறையும், மாகாண அரசுகளும், நீர்நில அமைப்புகளும் கைகோத்துப் பிணங்களை அகற்றும் பணியில் இறங்கின. கையேடு சொன்னதும் அதுதான், பொதுமக்கள் எதிர்பார்த்ததும் அதுதான். கண்ணெதிரே லட்சக்கணக்கில் பறவைகள் செத்து மிதக்கும்போது எதுவும் செய்யாமல் இருப்போம் என்று சொல்ல எந்தத் துறையாலும் முடியாது.

வேலை கடுமையானது. பின்புறம் பெரிய விசிறி வைத்த தட்டையான ஏர்போட் படகுகளில் காலை முதல் மாலை வரை ஏரியைச் சுற்றுவார்கள். கோரைக்குள்ளும் சம்புப் புதருக்குள்ளும் தேடுவார்கள். அழுகிய உடல்களை வலையாலும் கையாலும் எடுத்துப் பையில் போட்டு, கரையில் குழி வெட்டிப் புதைப்பார்கள், அல்லது எரிப்பார்கள். வெயில், நாற்றம், கொசு, காது அடைக்கும் விசிறிச் சத்தம். கோடை முழுவதும் இதைச் செய்த இளைஞர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அடுத்து வருவது அவர்களுடைய உழைப்பின் குறையைப் பற்றியதல்ல.

அன்றாடம் பதிவானது ஒரே எண்தான்: இன்று எத்தனை பிணம் எடுத்தோம். எண் பெரிதாக இருந்தால் நிறைய வேலை நடந்திருக்கிறது என்று பொருள். எத்தனை பறவைகள் உயிரோடு தப்பின என்பதை அந்த எண் சொல்லாது. ஏரியில் இன்னும் எத்தனை பிணம் மிச்சம் என்பதையும் சொல்லாது.

ஐயம் எங்கிருந்து வந்தது

இந்தப் பெரும் சாவுகளுக்கு முன்பே ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. சஸ்காச்சுவானில் ஐப்ரோ ஏரி என்ற சதுப்பில் கால்நடை நோயியலாளர்கள் எளிய சோதனை ஒன்று செய்து 1993இல் வெளியிட்டார்கள். போட்டுலிசம் நடந்துகொண்டிருந்தபோது சில பிணங்களுக்கு அடையாளம் போட்டு அப்படியே விட்டார்கள். அகற்றும் குழு வழக்கம்போல வேலை செய்து முடித்த பின் எண்ணிப் பார்த்தார்கள். அடையாளமிட்டவற்றில் மூன்றில் ஒரு பங்குதான் குழுவின் கையில் வந்திருந்தது. மீதி எல்லாம் ஏரியிலேயே கிடந்து புழுத்தன.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். கால் தளரும் வாத்து திறந்த நீரில் இருக்காது, அடர்ந்த கோரைக்குள் போய் ஒளியும். அங்கேதான் சாகும். ஏர்போட்டால் அங்கே போக முடியாது, போனாலும் மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படாது. இவ்வளவு பெரிய ஏரியைச் சுற்றிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பி வருவதற்குள் புழு தயாராகிவிடும்.

இங்கே கணக்கை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஒரு பிணத்தின் புழுக்கள் பல வாத்துகளைக் கொல்லப் போதுமானவை. பத்தில் மூன்று பிணத்தை எடுத்தால் சாவு பத்தில் மூன்று பங்கு குறையாது. மிச்சம் இருக்கும் ஏழு பிணங்களிலும் ஏரியில் இருக்கும் வாத்துகளுக்குத் தேவைக்கு மேல் நச்சு இருக்கிறது. பிணங்களின் அடர்த்தி மிகவும் கீழே இறங்கினால்தான் பறவை புழுவைச் சந்திக்கும் வாய்ப்பே குறையும்.

ஐப்ரோ ஆய்வு வந்த பிறகும் ஆறேழு ஆண்டுகள் பழைய வழக்கம் தொடர்ந்தது. பிணங்களில் பெரும்பகுதி கிடைப்பதில்லை என்பதுதான் அந்த ஆய்வு காட்டியது. எடுத்தவரைக்கும் நல்லதுதானே என்ற பதில் அதற்கு இருந்தது. அந்தப் பதில் சரியா என்று பார்க்க உயிருள்ள வாத்துகளைப் பின்தொடர வேண்டியிருந்தது.

உயிருள்ள வாத்துகளைப் பின்தொடர்ந்தது

1990களின் கடைசியில், செலவும் சாவும் இரண்டுமே ஏறிக்கொண்டு போனபோது, துறைகளும் அமைப்புகளும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தன. இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். எல்லா ஏரிகளிலும் பிணம் அகற்றுவதை விட்டு, சில ஏரிகளில் மட்டும் அகற்றுவது, மற்றவற்றை வேண்டுமென்றே அப்படியே விடுவது. ஒப்பிட ஏதாவது வேண்டுமே. பறவைகள் சாகும் ஏரி ஒன்றில் கை கட்டிக்கொண்டு நிற்க ஒப்புக்கொள்வது வனவிலங்குத் துறை அலுவலருக்கு எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பார்க்கலாம். ஆனால் அதைச் செய்யாவிட்டால், அகற்றியதால் பயன் வந்ததா, இல்லை சாவு தானாகவே தணிந்ததா என்று எக்காலத்திலும் தெரியாது. போட்டுலிசம் குளிர் வந்ததும் தானாக அடங்கிவிடும் நோய். ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பரில் அகற்றும் குழு வென்றது போலவே தோன்றும்.

1999 முதல் 2001 வரையான கோடைகளில் மேற்குக் கனடாவின் பல ஏரிகளில் இறகு உதிர்த்த மல்லார்டு வாத்துகளைப் பிடித்து ரேடியோக் கருவி பொருத்தி விட்டார்கள். பறக்க முடியாத பறவை ஏரியை விட்டுப் போகாது, அதனால் அந்த ஏரியில் நடப்பதை அது அப்படியே காட்டும். ஒவ்வொரு வாத்தும் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா, எதனால் செத்தது என்று முப்பது நாள் வரை பின்தொடர்ந்தார்கள். கூடவே ஏரியில் பிணங்களின் அடர்த்தியையும், அவற்றில் புழுத்தவை எத்தனை என்பதையும் அளந்தார்கள்.

கிடைத்த முடிவு இரண்டு பகுதியாக இருந்தது, இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். புழுத்த பிணங்களின் அடர்த்தி குறைவாக இருந்த இடங்களில் வாத்துகள் நன்றாகப் பிழைத்தன. கோட்பாடு சரி. ஆனால் பிணம் அகற்றிய ஏரிகளில் வாத்துகளின் பிழைப்பு, அகற்றாத ஏரிகளைவிடச் சீராக அதிகமாக இல்லை. சில ஏரிகளில் அகற்றியும் சாவு கடுமையாக இருந்தது. பெரிய ஏரியில் சாவு பெரிதாகிவிட்ட பின், மனித உழைப்பால் பிணங்களின் அடர்த்தியைத் தேவையான அளவுக்குக் கீழே கொண்டுவர முடியவில்லை.

முதல் பிணம் யாருடையது

அப்படியானால் சாவு எங்கே தொடங்குகிறது? முதல் வாத்தைக் கொல்லும் புழு எந்த உடலிலிருந்து வந்தது? இந்தக் கேள்வியை அதே ஐப்ரோ ஏரியில் துருவிப் பார்த்தார்கள், 2006இல் வெளிவந்தது. விடை பிராங்க்ளின் கடற்காகத்தின் குஞ்சுகள்.

இந்தக் கடற்காகங்கள் கோரைக்குள் ஆயிரக்கணக்கில் கூட்டமாகக் கூடு கட்டும். மிதக்கும் கூடுகள். குஞ்சுகள் பசியாலும், மழையாலும், கூட்டிலிருந்து தவறியும் சாவது ஒவ்வோர் ஆண்டும் நடப்பது. போட்டுலிசத்துக்கும் அந்தச் சாவுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் அந்தச் சின்னஞ்சிறு உடல்கள் கோரைக்குள் கிடந்து அழுகும்போது, சேற்றில் இருக்கும் வித்துக்குத் தேவையானது கிடைத்துவிடுகிறது. வாத்துகள் இறகு உதிர்க்க வந்து அதே கோரையில் ஒளியும்போது அங்கே நச்சுப் புழு ஏற்கெனவே காத்திருக்கிறது.

ஏர்போட் குழு வேலையைத் தொடங்குவது வாத்துப் பிணங்கள் கண்ணில் படும் ஆகஸ்டு வாக்கில். நோய் அதற்குப் பல வாரங்கள் முன்பே, யாரும் தேடாத இடத்தில் தொடங்கிவிடுகிறது. பெரிய கடற்காகக் கூட்டமும், இறகு உதிர்க்கும் வாத்துகளும், வித்து நிறைந்த சேறும் ஒரே ஏரியில் சேர்வதுதான் அபாயம். எல்லா ஏரிகளுக்கும் இதே தொடக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு ஏரிகளில் மின்கம்பியோ ஆலங்கட்டி மழையோ அந்த முதல் பிணத்தைத் தரலாம்.

பணி நின்ற பிறகு

முடிவுகள் தெரிந்ததும், பெரிய ஏரிகளில் பிணம் அகற்றும் பணியைக் கனடாவின் துறைகள் வழக்கமான நடவடிக்கைகளிலிருந்து எடுத்துவிட்டன. 2000களின் தொடக்கத்தில் இந்த மாற்றம் வந்தது. பல பத்தாண்டுக் கையேட்டை, பொதுமக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நிறுத்துவது சாதாரண முடிவல்ல. உள்ளூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது, வேட்டைக்காரர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. செத்த வாத்துகளை அப்படியே விட்டுவிட்டார்கள் என்ற வருத்தம் பலருக்கு இருந்திருக்கும். என்னைக் கேட்டால், அந்த வருத்தம் நியாயமானதே. அதே சமயம், பலன் தராத வேலைக்கு ஆண்டுதோறும் செலவாகும் பணம் கூடு கட்டும் புல்நிலத்தையும் குட்டைகளையும் காப்பதற்குப் போனால் அதிக வாத்துகள் பிழைக்கும் என்ற வாதமும் நியாயமானது. ஊசிவால் வாத்து சரிந்ததற்கு, அது கூடு கட்டும் அறுவடைத் தாளடி நிலங்கள் வசந்தத்திலேயே உழப்படுவது பெரிய காரணம் என்று பலரும் கருதுகிறார்கள்.

அகற்றும் பணி எல்லா இடத்திலும் வீண் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. சிறு குளம், நகரப் பூங்காவின் குட்டை, சாவு தொடங்கிய முதல் சில நாட்கள், கோரை இல்லாத திறந்த கரை, இப்படிப்பட்ட இடங்களில் ஏறத்தாழ எல்லாப் பிணங்களையும் எடுக்க முடியும். அங்கே எடுப்பதுதான் சரி.

இனி வேறு மாதிரி செய்யக் கூடியவை

இந்த நிகழ்வு நமக்குத் தொலைவில் நடந்தது போலத் தோன்றினாலும் இந்தியாவில் இதற்கு நேரான தொடர்பு உண்டு. ராஜஸ்தானின் சாம்பர் ஏரி, அரை வறள் நிலத்தில் கிடக்கும் ஆழமற்ற உப்பேரி. 2019இல் மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பியது. நவம்பரில் புலம்பெயர் பறவைகள் சாகத் தொடங்கின. அரசுக் கணக்குப்படி 18,000க்கும் மேற்பட்ட பறவைகள். தட்டைவாயன், உப்புக்கொத்திகள், உள்ளான்கள் எனப் பல வகை. முதலில் பறவைக் காய்ச்சல் என்று அஞ்சினார்கள், போபால் ஆய்வகம் அது இல்லை என்றது. உப்பு நஞ்சா என்ற கேள்வியும் எழுந்தது, யூட்டாவில் நூறாண்டுக்கு முன் எழுந்தது போலவே. பரேலியில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் போட்டுலிசம் என்று உறுதி செய்தது. பிணங்களை அள்ளிப் புதைத்தார்கள், நோயுற்ற பறவைகளை மீட்பு மையத்தில் வைத்துத் தண்ணீரும் தீனியும் கொடுத்துத் தேற்றினார்கள். 2024இலும் சிறிய அளவில் போட்டுலிசம் மறுபடி வந்தது.

கனடா முடிவை அப்படியே சாம்பருக்கு எடுத்துப்போகக் கூடாது. சாம்பரின் பறவைகள் குளிர்காலத்தில் வருபவை, பறக்கக் கூடியவை. ஏரிக்கரை பெரும்பாலும் திறந்த சேறு, பிணம் கண்ணில் படும். அங்கே அகற்றும் பணி அதிகப் பலன் தரலாம். தருகிறதா என்று அளந்து பார்ப்பதைத்தான் கனடாவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை இப்படி நடந்தால் முதல் நாளிலேயே செய்யக் கூடிய சில வேலைகள் உண்டு, பெரிய செலவு கிடையாது. நூறு பிணங்களின் காலில் சிறு அடையாளம் கட்டி, எங்கே கிடக்கின்றன என்று அகற்றும் குழுவுக்குச் சொல்லாமல் விட்டுவிடலாம். ஒரு வாரத்தில் அவற்றில் எத்தனை திரும்பி வருகிறது என்று பார்த்தால், ஏரியில் உள்ளதில் எவ்வளவு எடுக்கிறோம் என்பது தெரிந்துவிடும். எடுக்கும் பிணங்களைப் புழுத்தவை, புழுக்காதவை என்று பிரித்து எண்ணலாம். புழுத்தவையே அதிகம் என்றால் குழு தாமதமாக வருகிறது என்று பொருள். தினமும் குறிப்பிட்ட சில கரைத்துண்டுகளில் மட்டும் நடந்து, புதிதாக நோயுற்ற பறவைகளை எண்ணி வரலாம். சாவு குறைகிறதா என்பதை அது காட்டும்.

இதைவிட முக்கியமானது காலம். சாவு தெரிந்த பிறகு ஆட்களைத் திரட்டுவதற்குப் பதில், அபாயக் காலம் தொடங்கும் முன்பே ஒருவரைக் கரையில் நடக்க விடுவது. ஓல்ட் வைவ்ஸ் போன்ற ஏரிக்கு அது ஜூலை, சாம்பருக்கு அக்டோபர். எந்தப் பறவை முதலில் சாகிறது, எங்கே, எதனால் என்ற குறிப்பு இருந்தால், இந்த ஏரியின் முதல் பிணம் எது என்ற கேள்விக்குச் சில ஆண்டுகளில் விடை கிடைக்கும். மின்கம்பி என்றால் கம்பியை மாற்றலாம், திடீரென நீர் வற்றிப் பூச்சிகள் சாவது என்றால் நீர்வரத்தைப் பார்க்கலாம். நோயுற்ற பறவைகளுக்கு மீட்பு மையம் தொடரட்டும். தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலானவை தேறும் என்பது வெட்மோர் காலத்திலிருந்தே தெரிந்தது. ஆனால் மொத்தச் சாவில் அது சிறு பங்கையே மீட்கும் என்பதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.